முட்டி மடங்கும் பொம்மைகள்

போடியில் எனக்கு ஒரு லேடீஸ் டெய்லர் கடை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவுக்குத் திரும்புகிற வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு மிஷின் போடுகிற அளவுக்கு இடம். பிளவுஸ்தான் அதிகம் தைப்பேன். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாத பெண்ணை நான் பார்த்ததே இல்லை. “மூச்ச விடுங்க, அப்பத்தான் அளவு சரியா வரும்” என்று சொன்னால் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள்.

நானும் பெரிய உடம்புக்காரிதான். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தால் என்னைப் பின்வரிசைக்கு அனுப்புவார்கள். பஸ்சில் என் பக்கத்தில் இடம் இருந்தால், உட்காரலாமா என்று பார்ப்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகுதான் சீட்டைப் பார்ப்பார்கள். இதெல்லாம் பழகிப்போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் ஒரு பொம்மையோடு வந்தார். அவர் மகளுக்கு அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாம்.

“இதுக்கு ஒரு பட்டுப் பாவாடை சட்டை வேணும்னு என் மக ஒரே அடம். கடையில வாங்கின பொம்மைத் துணி ஒண்ணும் இதுக்கு ஏற மாட்டேங்குது. நீங்க தச்சுத் தர முடியுமா?”

வழக்கமான பொம்மையாக இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். நீளக் கால், ஒரு விரலில் வளைத்துவிடலாம் போன்ற இடுப்பு, அப்படித்தானே எல்லாம் இருக்கும். இது அப்படி இல்லை. தொடைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. கைகள் தடிமனாக இருந்தன. வயிறு என்று ஒன்று இருந்தது. முழங்கை மடங்கியது, மணிக்கட்டு திரும்பியது, கால் முட்டி மடங்கியது. டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினேன். அது வயிற்றை உள்ளே இழுக்கவில்லை.

யாரோ ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, இப்படி ஓர் உடம்பை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. பாவாடையைத் தைத்து முடித்த பிறகும் அந்தப் பொம்மையை மிஷின் மேலேயே உட்கார வைத்திருந்தேன். அதன் சொந்தக்காரப் பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போனபோது கடை வெறிச்சென்று ஆகிவிட்டது.

அன்றைக்கே செல்போனில் தேட ஆரம்பித்தேன். இப்படிப்பட்ட பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தது. நெட்டை, குட்டை, பருமன் என்று பொம்மைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தது, ஒரு காலுக்குச் செயற்கைக் கால் மாட்டியது, உடம்பெல்லாம் வெண்புள்ளி உள்ளது, தலையில் முடியே இல்லாதது, காதில் மிஷின் மாட்டியது என்று எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக வாங்கினேன். கூரியர் வரும் நாளில் கத்தரிக்கோல் ஒழுங்காக ஓடாது.

வாங்க வாங்கத்தான் ஒன்று புரிந்தது. கை கால் எல்லாம் மடங்குகிற பொம்மைகளில் பெரும்பாலானவை ஒல்லி. பருமனான பொம்மைகளில் பெரும்பாலானவை விறைத்து நிற்கிறவை. முதலில் கடைக்கு வந்தது போல இரண்டும் சேர்ந்தது அபூர்வம். ஒல்லியாக இருந்தால்தான் உட்காரவும் எழவும் முடியும், குண்டாக இருந்தால் சும்மா நின்றால் போதும் என்று எவர் முடிவு செய்தாரோ தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ஹெம்மிங் அடிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போவார், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார். அந்தப் பெண்கள் பலரும் என்னிடம்தான் தைக்கிறார்கள். அவர்களிலும் என்னைப் போல உடம்புக்காரர்கள் இருக்கிறார்கள். ஏலச்செடியில் காய் உயரத்தில் தொங்காது. தூரில், மண்ணில் படர்ந்து கிடக்கும் சரத்தில் இருக்கும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால்தான் பறிக்க முடியும். நாள் முழுக்கச் சரிவில் அப்படி உட்கார்ந்து, நகர்ந்து, எழுந்து வருகிறவர்கள் அவர்கள். குத்துக்கால் போட்டு உட்காருகிற, பருமனான, எங்கள் நிறத்தில் உள்ள ஒரு பொம்மை எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். எந்தக் கடையிலும் அது இல்லை. ஆகவே செய்வது என்று ஆயிற்று.

மடங்குகிற பருமனான உடம்பு ஒன்று நீண்ட தேடலுக்குப் பிறகு கிடைத்தது. அதன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்த முகம் விறைத்த உடம்பில் இருந்தது. தலையை மாற்ற வேண்டும். டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றித் தலையை அதில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தால் இளகும், மெல்லத் திருகி எடுத்துவிடலாம் என்று வீடியோவில் சொன்னார்கள். அவசரப்பட்டு இழுத்தேன். தலையைப் பிடித்திருக்கும் கழுத்துக் குமிழ் உடைந்து உடம்பு வீணாயிற்று. இன்னொரு உடம்புக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும் தலை ஒழுங்காக மாறியது, ஆனால் முகம் ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். மறுபடியும் தேடினேன். நிறமும் பொருந்தியது கிடைத்தபோது, குத்துக்கால் வைத்தால் தொடையும் கெண்டைக்காலும் இடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து விழுந்தது. உப்புத்தாளை வைத்து முட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்ப்பது, உட்கார வைப்பது, விழுவதைப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில், அது விழாமல் உட்கார்ந்தது. டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரரின் பழைய சட்டையை வெட்டி, தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேலே போடுவார்களே, அது போல முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டேன். தலையில் துண்டு கட்டினேன். இடுப்பில் காய் போட ஒரு சின்னப் பை. வீட்டில் பீரோவுக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடி அலமாரியில் மற்ற பொம்மைகளுக்கு நடுவே அதை வைத்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேண்டும் என்று மதுரைக்கும் தேனிக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இனி போக வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்து வருசங்கள் ஆகிவிட்டன. மாமியார் அந்த முடிவில் சேரவில்லை. அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம், “கொலு பொம்மைன்னாலும் பரவால்ல, இது என்ன கணக்கு?” என்பார்.

என் சித்தி மகளின் கல்யாணம் பூப்பாறையில் நடந்தது. போய்விட்டு இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கண்ணாடி அலமாரியில் போர்வைகள் மடித்து அடுக்கியிருந்தன.

“அத்தை, பொம்மைக எங்க?”

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “பெரியவ வந்திருந்தா. ராசிங்காபுரத்துக்குக் குடுத்து விட்டுட்டேன். வெளையாடுற பிள்ளைக வெளையாடட்டும்.”

பெரியவ என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரின் அக்காவை, என் மதினியை. ராசிங்காபுரத்தில் தோட்டம் துரவு என்று இருக்கிறவர். அவருக்கு இரண்டு மகள்கள், பள்ளிக்கூடம் போகிற வயது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அத்தை.”

“கேட்டா குடுப்பியா? உன் நல்லதுக்குத்தான் ஆத்தா செஞ்சேன். பிள்ளை வந்து உக்கார வேண்டிய எடத்துல பொம்மைய உக்கார வச்சிருந்தா அது எப்பிடி வரும்?”

அவர் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கல்யாணச் சேலையோடு தரையில் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

“பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஏறி இறங்கினது வேற அத்தை. இது வேற. அது இல்லங்கிறதுக்காக இத நான் சேக்கல. பிள்ளை இருந்திருந்தாலும் சேத்திருப்பேன்.”

அவர் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு யோசித்தார். “விட்டுரு. அக்கா வீட்டுல போயி, குடுத்தத திருப்பிக் குடுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? வேற வாங்கிக்க.”

“வேற கெடையாது. அதுல ஒண்ணு நான் செஞ்சது.”

“நான் ஜீப்பு எடுக்க மாட்டேன்.”

“பஸ்சு இருக்கு” என்றேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் காலையிலேயே பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில், கேட்பது, வாங்குவது, வருவது, இவ்வளவுதான் சோலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதினி என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “அம்மா உங்கிட்டச் சொல்லாமலா குடுத்துச்சு? நீயே குடுக்கச் சொன்னேன்னுல்ல சொல்லுச்சு” என்றார். மகள்கள் இருவரும் வாசலில் பொம்மைகளைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு முடி வெட்டப்பட்டிருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு சக்கரத்தைக் காணவில்லை. நான் கொண்டுபோன பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

“சின்னப் பிள்ளை கையில இருக்குறதப் பிடுங்குறியே, உனக்கே நல்லா இருக்கா?” என்றார் மதினி.

“நல்லா இல்லதான் மதினி. அதுக வெளையாட வேற பொம்மை நான் வாங்கித் தர்றேன். இது என்னுது. நான் சேத்து வச்சது.”

சொல்லும்போது முகம் சுட்டது. பக்கத்து வீட்டுத் திண்ணைப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் கை நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தது, போய்க் கேட்டு வாங்கினேன். மோட்டார் ரூம் தொட்டியில் ஒன்று மிதந்தது. சக்கரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, குப்புறப் படுத்துக் கையை விட்டு எடுத்தேன். சொன்னபடி அடுத்த வாரமே வேறு பொம்மைகள் வாங்கிக்கொடுத்தேன், ஆனாலும் சின்னவள் இன்றைக்கு வரைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதற்கு அவளுக்குக் காரணம் இருக்கிறது.

எல்லாம் கிடைத்த பிறகும் ஒன்று குறைந்தது. நான் செய்தது.

“அந்தக் குண்டுப் பொம்மையா? அது அம்மாட்ட இருக்கு” என்றாள் மதினியின் மூத்த மகள்.

மதினி அடுப்படிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அரிசி டிரம்மின் மூடி மேல், மிக்சிக்குப் பக்கத்தில், அது குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தது. தலைத்துண்டு என்னுடையதைவிட ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது.

“அது இருக்கட்டும்” என்றார் மதினி.

“மதினி, மத்ததக்கூட விட்டாலும் இத விட முடியாது. இத நான்...”

“தெரியுது. கையால செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது.” அவர் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. “பிள்ளைக இதத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சிரிச்சாளுக. பக்கத்து வீட்டுக்காரியும் பாத்துட்டுச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. அதான் வாங்கி இங்க வச்சுக்கிட்டேன்.”

மதினி என்னைவிடப் பெரிய உடம்புக்காரர். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து மாட்டுக்குத் தீவனம் போடுவது வரை எல்லாம் அவர்தான். அவரோடு நான் குடும்ப விசேஷங்களில் எத்தனையோ முறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் உடம்பைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் காணாமல் போவோம், அவ்வளவுதான்.

ஒரு நிமிஷம், கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் எனக்குக் கொடுக்க மனமில்லை. உப்புத்தாள் தேய்த்த விரல் இன்னும் எரிகிற மாதிரி இருந்தது.

“இது மலைக்குப் போற பொம்பளைகள நெனச்சு செஞ்சது மதினி. உங்களுக்கு உங்கள மாதிரியே ஒண்ணு செஞ்சு தர்றேன்.”

“சும்மா வாயில சொல்லிட்டுப் போயிருவ.”

கைப்பையில் டேப் எப்போதும் இருக்கும். எடுத்தேன். “நில்லுங்க” என்றேன். மதினி முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். தோள், கை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் வரைக்கும் எடுத்தேன். பிளவுசுக்கு அந்த அளவெல்லாம் யாரும் எடுப்பதில்லை. முடிந்ததும் அவரே டிரம் மேலிருந்த பொம்மையை எடுத்து, சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தார்.

“வெரசா செஞ்சு கொண்டா” என்றார்.

திரும்பி வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காரியத்தைத் தீர்மானித்தேன். இவை இனி வீட்டு அலமாரிக்குப் போகாது. நேரே கடைக்கு வந்து, முன்பக்கக் கண்ணாடிக்குள் மாதிரி பிளவுஸ்கள் தொங்கிய இடத்தைக் காலி செய்தேன். பொம்மைகளை அங்கே வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நம் ஊர் உடுப்பாகத் தைத்துப் போட்டேன். சக்கர நாற்காலிக்காரிக்குச் சுங்குடிச் சேலை, செயற்கைக் கால்காரிக்குக் கால் தெரிகிற மாதிரி பாவாடை, வெண்புள்ளிக்காரிக்குக் கையில்லாத பிளவுஸ். நடுவில் குத்துக்கால் போட்டவள்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். மலைமேலிருந்து வருகிற ஒரு மலையாள சேச்சி, வெண்புள்ளி பொம்மையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எப்போதும் வைக்கச் சொல்லும் முழுக்கைக்குப் பதிலாக முழங்கைவரை இருந்தால் போதும் என்று காட்டி, “அது மதி” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் திரைக்குப் பின்னால் துணி மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

“பாவம், பிள்ளை இல்லைல்ல. அதான் பொம்மைய வச்சு ஆத்திக்கிறா.”

அவர்கள் வெளியே வந்ததும் சொன்னேன். “ஆமாக்கா, பிள்ளை இல்ல. பொம்மை சேக்குறேன். ரெண்டும் நெசந்தான். ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட வேணாம். கை நீளம் எம்புட்டு வைக்கட்டும்?”

ஒருத்தி முகம் வெளிறிப்போய் அளவைச் சொன்னாள். அடுத்த மாதமும் என்னிடம்தான் தைக்க வந்தாள்.

மதினியின் பொம்மை எளிதில் வரவில்லை. கம்பெனிகள் செய்கிற பருமனான பொம்மைகூட மதினிக்குப் பக்கத்தில் ஒல்லிதான். முதலில் பைப் கசிவை அடைக்கிற எபாக்சி மாவைப் பிசைந்து உடம்பின் மேல் அப்பினேன். காய்ந்ததும் இடுப்பு மடங்கவில்லை, மடக்கினால் வெடித்தது. அதைச் சுரண்டி எடுக்கவே வாரங்கள் போயின. அப்புறம்தான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. பனியன் துணியை டீத்தண்ணியில் ஊற வைத்து மதினியின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அதைத் தோல் போல உடம்பு முழுக்கத் தைத்து, உள்ளே வேண்டிய இடத்தில் மட்டும் ஸ்பாஞ்ச் வைத்தேன். துணி என்பதால் மூட்டு உள்ளேயே மடங்கியது. கழுத்திலும் மணிக்கட்டிலும் தையல் தெரியாமல் முடிப்பதுதான் பெரும் பாடு.

வீட்டில் மாமியார் சமையல் சம்பந்தமாக மட்டும் பேசினார். வீட்டுக்காரர் ஒரு காலையில் ஜீப்புக்குக் கிளம்பும் முன்னால் கட்டிலில் கிடந்த பொம்மையைக் கையில் எடுத்து, காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“அக்காவுக்கு எடது முட்டி மடக்க முடியாது. எப்பவும் நீட்டித்தான் உக்காரும்” என்றார். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ராசிங்காபுரத்துக்கு மறுபடியும் போனபோது மதினி களத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பொம்மையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். இடது கால் நீண்டிருந்தது, வலது கால் மடங்கியிருந்தது, அவருடையதைப் போலவே. ரொம்ப நேரம் பார்த்தார்.

“வயிறு பத்தலையே” என்றார்.

“எங்க மதினி?”

அவர் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக் காட்டினார். “பாரு. எனக்கு இங்க இன்னும் இருக்கு. நீ என்னைய நல்லாக் காட்டணும்னு கொறச்சுட்ட. செய்யிறதுன்னா உள்ளபடி செய்யி.”

அது உண்மைதான். நானே அறியாமல் குறைத்திருந்தேன். பொம்மையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அவர் கொடுத்த மொச்சையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தையலைப் பிரித்து இன்னும் ஸ்பாஞ்ச் வைத்தேன். இந்த முறை மதினி ஒரு குறையும் சொல்லவில்லை. அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. முன்னறையில், டி.வி.க்குப் பக்கத்தில், யார் வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்த மாமியார், பையை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “பெரியவளுக்குக் கல்லு வச்ச தோடுல்ல? அவ பொம்மைக்கு நீ வெறும் பொட்டுத் தோடா மாட்டி வச்சிருக்க. பாக்க நல்லாவே இல்ல” என்றார். சரி அத்தை, மாத்திருறேன் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பிள்ளை வேண்டி அவர் இன்னமும் கோவிலில் விளக்குப் போடுகிறார். நான் தடுப்பதில்லை. அவர் கோவிலுக்குக் கிளம்பினால் நான் கடைக்குக் கிளம்புவேன்.